பூதத்துக்குச் சோறு போட்டீர்களா?

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: இது சினிமா விமர்சனம் கிடையாது. ஒரு வயிற்றெரிச்சல். கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காரவும்.

ஆறாம் வகுப்பில் என் பெயர் குண்டோதரன். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று ஞாபகம் இல்லை. மதிய சாப்பாட்டுக்கு நான் இரண்டு டப்பா கொண்டு போவேன், அதைப் பார்த்து எவனோ ஒருத்தன் வைத்தது. ஒரு வாத்தியாரும் சிரித்துக்கொண்டே அப்படிக் கூப்பிட்டார், அதோடு பெயர் நிலைத்துவிட்டது. குண்டோதரன் என்றால் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ குண்டு அரக்கன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதபோது அப்பத்தாதான் சொன்னது: "ஏய்யா, அதுக்கா அழுகுற? அவரு வந்ததாலதானடா இந்த ஊருக்கு ஆறே வந்துச்சு!"

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். இப்போது இதை எழுத வைத்த விஷயம் வேறு.

கோடை லீவில் என் அத்தை மகனோடு (வயது எட்டு) உட்கார்ந்து இரண்டு படம் பார்த்தேன். ஒன்று பிரபுதேவா பூதமாக வந்த 'மை டியர் பூதம்' (2022). இன்னொன்று 1987-ல் வந்த ஹாலிவுட் படம், 'ஹாரி அண்ட் தி ஹெண்டர்சன்ஸ்'. இரண்டும் முடிந்ததும் பையனிடம் கேட்டேன், "உனக்கு ஒரு பூதம் பிரெண்டா கெடச்சா என்னடா செய்வ?" ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஹோம்வொர்க் செய்யச் சொல்வேண்ணே. அப்புறம் கார் கேப்பேன்." சரி, ஹாரி மாதிரி ஒண்ணு வந்தா? இப்போது யோசித்தான். "அது என்னண்ணே திங்கும்?"

என் மண்டையில் மணி அடித்தது அங்கேதான். ஒரே பையன், ஒரே நாள், இரண்டு பதில். பூதம் என்றதும் வேலை. ஹாரி என்றதும் சாப்பாடு. நம் சினிமா அறுபது வருஷமாகக் குழந்தைகளுக்கு முதல் பதிலைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நம் ஊரோ அதற்கு வெகு முன்பிருந்தே இரண்டாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. இதுதான் என் குற்றச்சாட்டு.

ஹாரி படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு குடும்பம், அமெரிக்கக் காட்டுக் கதைகளில் வரும் 'பிக்ஃபுட்' என்ற ராட்சத உருவத்தைக் காரில் மோதிவிடுகிறது. செத்துவிட்டது என்று நினைத்து வண்டிக்கு மேலே கட்டி சியாட்டிலில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். ராத்திரி அது எழுந்து பிரிட்ஜை உருட்டுகிறது. குடும்பத் தலைவர் (ஜான் லித்கோ) வேட்டைக்காரர், துப்பாக்கிக் கடையில் வேலை. சுவர் முழுக்க அவர் சுட்ட மிருகங்களின் தலைகள். ஹாரி அவற்றைப் பார்த்துக் கலங்குகிறது, எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்தில் புதைக்கிறது. படம் முழுக்க அந்தப் பிராணி ஒருவருக்கும் ஒரு வரமும் தரவில்லை. ஒரு வேலையும் செய்து கொடுக்கவில்லை. வீட்டை உடைக்கிறது, நாறுகிறது, தின்கிறது. அதை ஒளித்து வைக்க, சோறு போட, கடைசியில் பிரிந்து காட்டுக்கு அனுப்ப அந்தக் குடும்பம்தான் பாடுபடுகிறது. அந்தப் பாட்டில் வேட்டைக்காரர் வேறு ஆளாகிறார். ஹாரியின் முகத்தைச் செய்த ரிக் பேக்கருக்கு ஒப்பனைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்த முகத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். முடி மூடிய மூஞ்சியில் கண்ணும் உதடும் மட்டும் பேசும்.

உலகத்தரம், ஆஹா ஓஹோ என்று நான் சொல்லப்போவதில்லை. நடுவில் இழுவை இருக்கிறது, வில்லன் வேட்டைக்காரன் கார்ட்டூன் மாதிரி இருக்கிறான். ஆனால் அந்தப் படத்துக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. நண்பன் வந்தால் செலவு விருந்தாளிக்கு இல்லை, வீட்டுக்காரனுக்குத்தான்.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம்.

1967. 'பட்டணத்தில் பூதம்'. எம்.வி.ராமன் இயக்கம். ஜெய்சங்கர், கே.ஆர்.விஜயா, நாகேஷ். ஜாடிக்குள்ளிருந்து வரும் ஜீபூம்பாவாக ஜாவர் சீதாராமன். எங்கள் வீட்டில் தாத்தாவிலிருந்து பொடிசு வரை எல்லோருக்கும் பிடித்த படம், எனக்கும் பிடிக்கும். அந்த மனுஷனின் குரலும் சிரிப்பும் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பூதம் வெளியே வந்தவுடன் முதல் காரியமாக என்ன செய்கிறது? எஜமானனைக் கும்பிட்டுத் தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்தவன் சொல்லும் முதல் வார்த்தை அதுவா? ஜாடி போய் முதலாளி வந்தார், அவ்வளவுதானே மாறியது!

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1964-ல் வந்த 'தி பிராஸ் பாட்டில்' என்ற ஹாலிவுட் படம். அது எஃப்.ஆன்ஸ்டே என்ற ஆங்கிலேயர் 1900-ல் எழுதிய நாவல். அதற்கும் பின்னால் அலாவுதீன் விளக்கு. அலாவுதீன் கதையே பழைய அரபுச் சுவடிகளில் இல்லாமல், ஹன்னா தியாப் என்ற சிரியாக்காரர் சொல்லக் கேட்டு பிரெஞ்சுக்காரர் அந்துவான் காலான் பதினெட்டாம் நூற்றாண்டில் 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பில் சேர்த்தது. சிரியா, பாரிஸ், லண்டன், ஹாலிவுட், கோடம்பாக்கம் என்று இத்தனை ஊர் சுற்றி ஒரு அடிமை பூதம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. வரட்டும். கதைகள் ஊர் சுற்றத்தான் செய்யும். நானும் விளக்கைத் தேய்க்கிற கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான். என் வருத்தம் வேறு. வெளியூர் பூதம் வந்ததும், உள்ளூர் பூதத்தைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டுவிட்டோம்.

உள்ளூர் பூதம் என்றால் யார்? ஒவ்வொன்றாக.

ஒன்று. 'பூதம்' என்பதே நமக்குத் திட்டு வார்த்தை கிடையாது. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள், பூதனார் என்று முடியும் பெயர்கள் வரும். மதுரையிலேயே ஒருத்தர் இருந்திருக்கிறார், மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார். பெற்ற பிள்ளைக்குப் பூதன் என்று பெயர் வைத்த ஊர் இது. முதலாழ்வார் மூவரில் ஒருவர் பூதத்தாழ்வார். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாலு தெரு சேரும் இடத்தில் சதுக்கப்பூதம் நிற்கிறது. பொய்ச்சாட்சி சொல்பவனையும் புறங்கூறுபவனையும் பிடிக்கிற வேலை அதற்கு. அந்தப் பூதத்திடம் போய் "ஹோம்வொர்க் செஞ்சு குடு" என்று கேட்டால் என்ன ஆகியிருக்கும் என்று என் அத்தை மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். :-)

இரண்டு. பழைய சிவன் கோயில்களில் கூரைக்குக் கீழே அண்ணாந்து பாருங்கள். பூதவரி என்று ஒரு வரிசை ஓடும். தொந்தியும் தொப்பையுமாகக் குட்டைப் பூதங்கள். ஒன்று மத்தளம் அடிக்கும், ஒன்று ஆடும், ஒன்று உங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு சிற்பி குடும்பத்தோடு பார்க்கும் காமெடியைக் கல்லில் செய்து வைத்திருக்கிறான். அதில் கைகட்டி நிற்கிற பூதத்தைத் தேடிப் பாருங்கள். எனக்கு இதுவரை கண்ணில் படவில்லை.

மூன்று. குண்டோதரன். இப்போது அப்பத்தா சொன்ன கதைக்கு வரலாம்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 விளையாடல்கள். அதில் 'குண்டோதரனுக்கு அன்னமிட்ட படலம்' ஒன்று, அதற்கு அடுத்ததே 'அன்னக்குழியும் வையையும் அழைத்த படலம்'. மீனாட்சி கல்யாணம் முடிந்துவிட்டது. பந்தி பந்தியாகச் சாப்பிட்டும் சோறு மலையாகக் கிடக்கிறது. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒரு பெருமை, இவ்வளவு மிஞ்சிப்போச்சே என்று மாப்பிள்ளையிடமே சொல்கிறார்கள். மாப்பிள்ளை சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற குட்டையான ஒரு பூதத்தைக் காட்டுகிறார். இவனுக்கு ஒரு பிடி போடுங்க. அவ்வளவுதான். சமைத்தது காலி, சமைக்காததும் காலி, களஞ்சியம் காலி. பசி மட்டும் அடங்கவில்லை. பொண்ணு வீட்டார் தலை குனிகிறார்கள். அப்புறம் பூமியே குழி குழியாகத் திறந்து தயிர்சோறு தருகிறது. அதையும் தின்றால் தாகம். கிணறும் குளமும் வற்றிப்போகின்றன. கடைசியில் சடையில் இருக்கிற கங்கையை இறக்கி, பூதத்தைப் பார்த்து, "வை, கை" என்று சொல்ல, கையை வைத்து அள்ளிக் குடிக்கிறது. அதுதான் வைகை.

பெயர்க்காரணம் மொழியியலுக்குச் சரிவருமா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் சொல்வது கதையை. இந்தக் கதையில் பூதம் யாருக்கும் எதுவும் செய்து கொடுக்கவில்லை. அது கேட்டது சோறும் தண்ணீரும். அதற்குப் போட முடியாமல்தான் ஒரு ராஜ்யத்தின் பவிசு உடைந்தது, அதற்குப் போட்டே தீரவேண்டும் என்றுதான் ஊருக்கு ஆறு வந்தது. விருந்தாளியின் தாகத்துக்காக வந்த தண்ணீரில்தான் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை வயல் விளைந்தது என்று ஒரு ஊர் தன்னைப் பற்றிக் கதை சொல்லிக்கொள்கிறது. எவ்வளவு பெரிய மனசு அந்தக் கதைக்கு! நாங்கள் அந்தப் பெயரை எடுத்து, இரண்டு டப்பா சாப்பிடும் ஒரு பையனை அழ வைக்கப் பயன்படுத்தினோம்.

நான்கு. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு. (கருப்பசாமியைப் பூதம் என்று நான் சொல்லவில்லை, அரிவாளை உள்ளே வையுங்கள். கதையின் அமைப்பை மட்டும் பாருங்கள்.) மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வருகிறார்கள். கூடவே காவலுக்குக் கருப்பனும் வருகிறார். அழகரின் அழகைப் பார்த்ததும் வந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே நின்றுவிடுகிறார். மந்திரவாதிகள் படிக்கட்டுக்குக் கீழே புதைகிறார்கள், கருப்பன் வாசலில் காவல். யாரும் அவரை ஜாடியில் அடைத்துக்கொண்டு வரவில்லை, தேய்த்துக் கூப்பிடவில்லை. பிடித்துப்போய் நின்றார். அழகருக்கு ராத்திரி பூஜையில் படைப்பது அவருக்கு வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கேயும் பாருங்கள், காவல் என்றால் சோறு உண்டு. ஒருவழிப் பாதையே கிடையாது.

இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி வரும். "புராணத்துல இருந்தா ஆச்சா? சினிமாவுக்கு சரிப்பட்டு வருமா?" வந்ததே! பத்து வருஷம் முன்னால் போனால் 1957. 'மாயா பஜார்'. விஜயா நிறுவனம், கே.வி.ரெட்டி இயக்கம், தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள். எஸ்.வி.ரங்காராவ் கடோத்கஜன். கல்யாண விருந்தை ஒத்தை ஆளாக உட்கார்ந்து காலி செய்யும் அந்தப் பாட்டைப் பார்க்காத தமிழன் உண்டா? தட்டுகள் தானாக நகர, லட்டு தானாக வாய்க்குள் பறக்க, பெரிய உடம்பைக் குலுக்கி ஒரு சிரிப்பு. என் உடம்பை நினைத்து நான் வெட்கப்படாத மூன்று நிமிஷம் அது.

அந்தக் கடோத்கஜன் யார்? ராட்சசிக்குப் பிறந்தவன், காட்டில் இருப்பவன், மாயம் தெரிந்தவன். கேட்டால் பூத லட்சணம் எல்லாம் பொருந்தும். ஆனால் அவன் யாருக்கும் அடிமை இல்லை. அபிமன்யுவுக்கு அண்ணன். காட்டில் முதலில் மல்லுக்கு நிற்கிறான், உறவு தெரிந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். தம்பியின் கல்யாணம் நிற்கப்போகிறது என்று தெரிந்து தானாகக் கிளம்புகிறான். அவன் செய்யும் மாயம் அத்தனையும் அண்ணன் தம்பிக்குச் செய்யும் உதவி. அதனால்தான் அந்த விருந்தில் அவன் தின்பது திருட்டாகத் தெரியவில்லை, உரிமையாகத் தெரிகிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன் சாப்பிடாமல் யார் சாப்பிடுவது?

ஆக, 1957-ல் அண்ணனாக இருந்தவன் 1967-ல் வேலைக்காரன் ஆகிவிட்டான். இந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்தது என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. மாயா பஜாரின் பூதம் காட்டில் இருந்தது, உறவுக்காரனாக வந்தது. பட்டணத்தில் பூதம் தலைப்பிலேயே பட்டணம். பட்டணத்து வீட்டுக்கு உறவுக்காரன் வந்தால் இடைஞ்சல், வேலைக்காரன் வந்தால் வசதி. படம் எடுத்தவர்கள் யோசித்துச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பார்த்தவர்களுக்கு அது ரொம்ப வசதியாக இருந்திருக்கிறது.

அப்புறம் வந்தவை? எல்லாவற்றையும் ஒரே தடியால் அடிக்க நான் தயாரில்லை. மலையாளத்தில் 1984-ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம், ஜிஜோ இயக்கம், இளையராஜா இசை. அதில் குட்டிச்சாத்தான் ஒரு மந்திரவாதியிடம் கட்டுண்டு கிடக்கிறான். குழந்தைகள் அவனைக் கட்டிலிருந்து விடுவிக்கிறார்கள். அதாவது அடிமைத்தனம் அங்கே காமெடி கிடையாது, அதுதான் பிரச்சினையே. அலாவுதீன் கதையைத் தலைகீழாகத் திருப்பியது அந்தப் படம். 2004-ல் சன் டிவியில் தொடங்கிய 'மை டியர் பூதம்' தொடரின் மூசா, நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு வீட்டுப் பிள்ளை. அதற்கும் ஒரு கும்பிடு.

2022 படத்துக்கும் நியாயமாக இருக்கவேண்டும். அதில் ஒரு அருமையான முடிச்சு இருக்கிறது. பூதத்துக்கு விடுதலை வேண்டுமென்றால் பையன் மந்திரத்தைச் சொல்லவேண்டும். பையனுக்கோ திக்குவாய். இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிக்கிற அந்த வாய்தான் ஒரு பூதத்தைக் காப்பாற்றவேண்டும். இங்கே தேவை பூதத்துக்கு, கொடுப்பவன் குழந்தை. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் படம் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு போகாமல் அடிக்கடி வித்தை காட்ட ஓடிவிடுகிறது. கடைசியில் என் பக்கத்தில் இருந்த எட்டு வயதுக்காரன் மனசில் நின்றது வித்தைதான். திக்குவாய்ப் பையன் பட்ட பாடு நிற்கவில்லை. அதற்குச் சாட்சி மேலே சொன்ன ஹோம்வொர்க் பதில். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. வேற்றுக்கிரகத்துக்காரனுக்கு ஒரு விவசாயி அடைக்கலம் கொடுக்கிறான் என்பது நல்ல ஆரம்பம். பிறகு வில்லனோடு மோதுகிற வேலை பெரிதாகி, நட்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டது.

இப்போது "படம்தானே மச்சி, குழந்தைங்க சிரிக்கிறதுக்குத்தானே, ஓவரா சீன் போடாத" என்பவர்களுக்கு.

குழந்தை சிரிப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதுதான் பிரச்சினை. கேட்டதெல்லாம் செய்கிற, தனக்கென்று பசி இல்லாத, சம்பளம் கேட்காத, திட்டினாலும் கும்பிடு போடுகிற ஒருத்தனை 'பிரெண்டு' என்று சொல்லிக் காட்டுகிறோம். அப்படி ஒரு ஆள் பூத உலகத்தில்தான் இருக்கிறானா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் எடுபிடிக்கு இருந்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவனைப் பற்றிச் சொல்லும்போதும் "எங்க பிரெண்டு" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார்கள். அவன் எப்போது சாப்பிடுகிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நானும் அங்கே போய் விளையாடிவிட்டு, அவன் கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தவன்தான். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் நான் அயோக்கியன்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் கிளாஸுக்கே வாருங்கள். படம் நன்றாக வரைகிறவனை வைத்து ஒரு பெஞ்சே ரெக்கார்டு நோட்டு முடிக்கவில்லையா? வண்டி வைத்திருக்கிறவன் எத்தனை பேரை மாட்டுத்தாவணிக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் இறக்கிவிட்டிருக்கிறான்? அவனுக்குப் பெட்ரோல் போட்டது யார்? அவர்கள் எல்லாம் நமக்கு ஜீபூம்பாதான். தேய்த்தால் வருவார்கள், வேலை முடிந்ததும் ஜாடிக்குள் போய்விடவேண்டும். ஒரு நாள் வரவில்லை என்றால் "ரொம்பத்தான் பண்றான்". இதைப் படிக்கும்போது யாருக்காவது குறுகுறுத்தால் நான் பொறுப்பல்ல.

இன்னொரு எதிர்வாதமும் இருக்கிறது, அது கொஞ்சம் கனமானது. "உன் குண்டோதரனும் சிவனுக்கு ஏவல் பூதம்தானே? கணம் என்றாலே பணிவிடைக்காரன்தானே?" நல்ல கேள்வி. ஆமாம், பூதகணம் என்றால் சிவனின் படைதான், புராணத்தில் எஜமான் உண்டு. ஆனால் இந்த எஜமான் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தன் பூதத்துக்குப் பசி என்று தெரிந்ததும், தன் கல்யாணப் பந்தி என்றுகூடப் பார்க்காமல், மாமனார் ஊரின் மானம் போனாலும் பரவாயில்லை என்று, மண்ணைத் திறந்து, தலையில் இருந்த ஆற்றை இறக்கி அதற்குப் போடுகிறார். வேலை வாங்குகிற எந்த முதலாளியாவது அப்படிச் செய்ததாக ஒரு படம் காட்டுங்கள், நான் இந்தப் பதிவை அழித்துவிடுகிறேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கதையை மறந்தால் கதை சொல்கிற பொருளையும் மறந்துவிடுவோம். மதுரையைச் சுற்றி யானைமலை, நாகமலை, பசுமலை. மூன்றும் ஊரை அழிக்க வந்து கல்லான யானை, பாம்பு, பசு என்று அதே திருவிளையாடல் சொல்கிறது. அழிக்க வந்ததாகக் கதை, ஆனால் இன்றைக்கு யாராவது யானைமலையை எதிரி என்பார்களா? ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு அது படுத்திருக்கும் நம்ம யானை. 2010-ல் அங்கே சிற்ப நகரம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டபோது சுற்றுப்பட்டு மக்கள் மலையை விடமாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள். கல்லாகிப்போன ஒரு பிராணிக்காக மனிதர்கள் வெயிலில் நின்றதை நட்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? யானை அவர்களுக்கு ஒரு வரமும் தரவில்லை.

வைகையை அப்படி நாம் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு பூதத்தின் தாகத்துக்கு இறங்கி வந்த ஆற்றில், ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பெரும்பாலான நாள் புல்லும் சாக்கடையும்தான். சித்திரையில் அழகர் இறங்குவதற்கு வைகை அணையைத் திறந்து தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. இன்றைக்குக் குண்டோதரன் வந்து கையை வைத்தால் என்ன கிடைக்கும்?

எனவே, குழந்தைகளுக்குப் பூதப் படம் எடுக்கப்போகும் இயக்குநர்களே, உங்களிடம் கிராபிக்ஸ் கேட்கவில்லை. ஒரே ஒரு காட்சி கேட்கிறேன். பூதம் வருகிறது. குழந்தை அதனிடம் எதுவும் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டியா?" என்று கேட்கட்டும். நம் ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்விதானே அது! அதற்குப் பிறகு அரிசிப் பானை காலியாகும், அம்மா கத்துவாள், பக்கத்து வீட்டில் கடன் வாங்குவார்கள், ரேஷன் கடையில் பூதத்துக்குக் கார்டு இருக்கிறதா என்று கேட்பார்கள். காமெடி தானாக வரும். அழுகையும் வரும், கடைசியில் அது ஊருக்குக் கிளம்பும்போது.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று ஊருக்கே விருந்து போடுகிறார்கள், தெரியும்தானே. யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று சாப்பிடலாம், முடிந்தவர்கள் மொய் எழுதிவிட்டு வருவார்கள். ஒருமுறை அத்தை மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பரிமாறிக்கொண்டு வந்த பெரியவர் என் இலையையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது, போதும் என்று கையை நீட்டி மறித்தேன்.

"அட, கைய எடுங்க தம்பி, கல்யாண வீட்ல என்ன கூச்சம்," என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

மொய் எழுதும்போது பையன் கேட்டான், "அண்ணே, குண்டோதரன் பேருல ஒரு பத்து ரூவா எழுதலாமா?"

எழுதினோம்.